கதிரை தூக்கியவன் கட்டிலில் கிடந்த நாட்கள்

என்ன ஒப்பரேஷன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வயித்தில சின்னதா ஒண்டு" என்று சொல்லியே மூன்று மாதத்தை ஓட்டினேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் சபையில் என்னோடு 'ஸ்தோத்திரம்' என்பதற்கு மேல் கதைத்திராத ஒருவர் என்னை வாசல் தூணோரம் கூட்டிக்கொண்டு போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். "அண்ணை, உங்களுக்கு எந்தப் பக்கம்? எனக்கு இடது" என்றார். அவர் போனபிறகு இன்னொருவர் வந்தார். செவ்வாய்க்கிழமை மூன்றாமவர் போன் எடுத்தார். மூவரும் மனைவிமாருக்குச் சொல்லவில்லை.

ஆகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு வலது பக்கம். வருத்தத்தின் பெயர் குடலிறக்கம். டொக்டர்மார் ஹேர்னியா என்பார்கள். வயிற்றின் முன்சுவர் தசையால் ஆனது. அதில் ஓர் இடம், பெரும்பாலும் தொடை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, தளர்ந்துபோனால் குடலின் ஒரு மடிப்பு அந்த வழியால் வெளியே எட்டிப் பார்க்கும். பாரம் தூக்கினால், முக்கினால், இருமினால் பெரிதாகும். படுத்தால் தானாக உள்ளே போய்விடும். படுத்தால் போய்விடுகிறதே என்பதுதான் ஆண்களை ஏமாற்றுகிற விஷயம்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்கராக இருக்கிறேன். எனக்குப் பிரசங்கம் பண்ண வராது. பாடினால் பக்கத்தில் நிற்பவருக்கும் சுருதி போய்விடும். ஆண்டவருக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது இரண்டு தோள்கள் மட்டும்தான். அவற்றை மனமாரக் கொடுத்தேன். இருபத்தைந்து வருடமாக எங்கள் ஆலயத்தில் கதிரைகள் என் பொறுப்பு. ஞாயிறு விடிய ஐந்தரைக்குப் போய் இருநூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் கதிரைகளையும் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். வைக்கும்போது, இதில் இன்றைக்கு வந்து இருக்கப்போகிற ஆளுக்காக ஒரு சின்ன ஜெபம். யாரென்று தெரியாமலே செய்கிற ஜெபம். அந்த ஒரு மணித்தியாலத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை வேறெங்கும் கண்டதில்லை. இதை இன்றைக்கும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

ஆனால் முழுவதையும் சொல்வதென்றால், வேறு யாராவது கதிரையைத் தொட்டால் எனக்குப் பிடிக்காது. உதவிக்கு வந்தவர்களை "நீங்கள் இருங்கோ, நான் பாக்கிறன்" என்று சிரித்தபடி அனுப்பிவிடுவேன். அவர்கள் அடுக்கினால் கோணும். போதகர் ஒருமுறை, "ஒரு குழு போடுவமே" என்றார். குழுவெல்லாம் எதற்கு, நான் இருக்கிறேனே என்றேன். அதைத் தாழ்மை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கத்தைக் கண்டது தை மாதத்தில். குளிக்கும்போது கண்டேன். அன்றிலிருந்து எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. இருமல் வந்தால் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு அழுத்திப் பிடித்துக்கொள்ளப் பழகினேன். அறுவடை நன்றி விழா முடியட்டும், பிறகு பார்ப்போம் என்பது என் திட்டம்.

விழாவன்று சனிக்கிழமை காலை. வாழைக்குலைகளும் பூசணிக்காய்களும் வந்து குவிந்துகொண்டிருந்தன. நான் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தனியாகத் தூக்கி மேடையில் வைத்தேன். வைத்து நிமிரும்போது உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டது. கை வைத்துப் பார்த்தால் எலுமிச்சங்காய் மாங்காயாகியிருந்தது, கல்லுப்போல. களஞ்சிய அறைக்குள் போய் நிலத்தில் படுத்தேன். வழக்கம்போல் உள்ளே போகவில்லை. சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தேன். என் மனைவி சாந்தி மேசைவிரிப்பு எடுக்க வந்தவள் என்னைக் கண்டாள்.

"என்னப்பா, ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்டுது?"

எட்டு மாதக் கதையையும் மூன்று வசனத்தில் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகம் வெளுத்துப் போய், போனை எடுத்துத் தன் தமையனைக் கூப்பிட்டாள்.

தமையன் பெயர் தயாபரன். வெள்ளவத்தையில் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விடியப் பிள்ளையார் கோயிலுக்குப் போகாமல் தேத்தண்ணி குடிக்காதவர். நெற்றி நிறையத் திருநீறு. சாந்தி என்னைக் கலியாணம் செய்து ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, ஆரவாரப்படவும் இல்லை. நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். இருபத்திரண்டு வருடமாக நான் அவருக்குச் சுவிசேஷத் துண்டுப்பிரசுரங்கள் கொடுத்து வருகிறேன். அவர் ஒவ்வொன்றையும் கவனமாக வாசித்து, எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் திருத்தித் திருப்பித் தருவார். "கருத்து நல்லாத்தான் கிடக்கு. அச்சடிச்ச ஆளைத்தான் மாத்தவேணும்" என்பார்.

காலி வீதி நெரிசலைக் கடந்து அவர் கார் வந்து சேர முக்கால் மணித்தியாலம் பிடித்தது. பின்சீற்றில் என்னைச் சரித்துக் கிடத்தினார்கள்.

"எவடத்தில மச்சான் நோகுது?" என்று கேட்டார், கண்ணாடியில் பார்த்தபடி.

"வயித்தில."

"வயித்தில எவடம்?"

"கீழ."

"எவ்வளவு கீழ?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒரு பஸ்ஸை முந்தினார். பிறகு, "ஓ" என்றார். "எங்கட மனேஜருக்கும் இருந்தது. ஒண்டுக்கும் யோசியாதையும்." அதற்குப் பிறகு எந்தச் சிவப்பு விளக்கிலும் அவர் நின்றதாக எனக்கு நினைவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என்னைப் பார்த்தது ஓர் இளம் சிங்கள டொக்டர், பெண்பிள்ளை. சுற்றிவர ஆறு மாணவர்கள். திரையை இழுத்தார்கள், ஆனால் திரை முழுமையாக மூடவில்லை. "கஹின்ன" என்றார். இருமச் சொல்கிறார். இருமினேன். ஒரு மாணவர் வந்து கை வைத்துப் பார்த்து, "கஹின்ன" என்றார். இருமினேன். அடுத்தவர். அடுத்தவர். நான்காவது மாணவர் தமிழ்ப் பெடியன். "இருமுங்கோ அங்கிள்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "சொறி அங்கிள்" என்றான். வெட்கம் என்ற ஒன்று எனக்குள் இருந்தது. அது அந்த இடத்திலேயே செத்துப்போனது. அடக்கம் பண்ணவும் நேரமிருக்கவில்லை.

டொக்டர் பிள்ளை நோவுக்கு ஊசி போட்டு, கட்டிலின் கால்மாட்டை உயர்த்தச் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் மெல்ல மெல்ல அமர்த்திக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் இருக்கும். களக் என்று ஒரு சத்தம். அந்த நிம்மதியை எழுத எனக்குத் தெரியாது. அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அங்கிள் லக்கி. குடல் இறுகினா ரத்தம் போகாது. ரத்தம் போகாட்டி அந்தத் துண்டு செத்துரும். வெட்டி எடுக்கணும். இனி வீட்டுக்கு விட மாட்டோம். திங்கள் ஒப்பரேஷன்."

இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் களஞ்சிய அறையில் படுத்திருந்தால்? அந்தக் கேள்வி தள்ளுவண்டியில் என்னோடு வார்டுவரை வந்தது. ஜெபம் பண்ணப் பார்த்தேன். 'ஆண்டவரே' என்பதோடு நின்றது. சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள்.

அது ஆண்கள் வார்ட். பார்வையாளர் நேரம் முடிந்தால் பெண்கள் நிற்க முடியாது. கூட நிற்க ஒரு ஆணுக்கு மட்டும் பாஸ் தருவார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சபையில் ஆண்கள் எல்லாரும் விழாவில் நிற்கிறார்கள். யாரைக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மச்சான் பாஸை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டார். வீட்டிலிருந்து ஒரு பையும் கொண்டுவந்திருந்தார். சாரம், துவாய், சவர்க்காரம், சுடுதண்ணிப் போத்தல், சின்னத் திருநீற்றுப் பை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு நோவு இல்லை. இரத்தம் எடுத்தார்கள். இதயம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். மதியம் பார்வையாளர் நேரத்தில் சபையிலிருந்து பன்னிரண்டு பேர், விழாவில் மிஞ்சிய பழங்களோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடத் தொடங்கினார்கள். இரண்டாவது சரணத்தில் தாதி ஓடிவந்து, இது வார்ட், தேவாலயம் இல்லை என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். பக்கத்துக் கட்டிலில் குணபால என்ற பெரியவர் இருந்தார். அவிசாவளைப் பக்கத்து ஆள். நீரிழிவால் காலில் புண், இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அவர் மட்டும், "பாவம், அந்தப் பாட்டை முடிக்க விடுங்க மிஸ்" என்று எங்களுக்காகக் கதைத்தார்.

அவர்கள் போனபிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நோயாளியாக இருந்தாலும் ஊழியக்காரன் அல்லவா? எழும்பி, வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனேன். ஆளுக்கொரு பழம், ஒரு புன்னகை, தலையில் கை வைத்து ஒரு ஜெபம். குணபாலவுக்கு இரண்டு பழம், பாட்டுக்காக வாதாடியவர் என்பதால். பின்னேரம் அவருக்குச் சீனி பார்த்த தாதி அதிர்ந்துபோனார்.

"யாரு பழம் கொடுத்தது?"

குணபால கூரையைப் பார்த்தார். மற்றக் கட்டில்காரர் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்று வாங்கிய ஏச்சுக்குச் சிங்களம் தெரிந்திருக்கவே தேவையில்லை. மச்சான் என் தோளைப் பிடித்துக் கட்டிலில் அமர்த்தினார். "நீர் கொஞ்சம் படும். உலகம் ரெண்டு நாளைக்கு நீர் இல்லாமல் ஓடும்."

திங்கள் காலை. முதுகெலும்பில் ஓர் ஊசி. அதை ஸ்பைனல் என்கிறார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆனால் ஆள் முழித்திருப்பார். நெஞ்சுக்கு முன்னால் பச்சைத்துணி கட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. தளர்ந்த இடத்தை ஒரு மெல்லிய வலைத்துண்டு வைத்துத் தைப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வேலை செய்தார். எனக்குப் பயம் தாங்காமல் ஒரு கீர்த்தனையை முணுமுணுக்கத் தொடங்கினேன். தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டொக்டர் குனிந்து, "அங்கிளுக்கு எங்கயாவது நோகுதா?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர், பாடுறன்."

"ஓ, பாட்டா? அப்ப சரி" என்றார்.

ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. குடல் நல்லாக இருக்கிறது, ஒன்றும் வெட்டவில்லை என்றார்கள். என் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைக்க முடியாமல் கை கட்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. ஆறு மணித்தியாலம் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடக்கவேண்டும். தலையைத் தூக்கினால் தலையிடி வரும். சிறுநீர்ப்பை நிரம்பி முட்டுகிறது, ஆனால் கீழே மரத்திருப்பதால் போகவில்லை. தாதி போத்தலைக் கொடுத்து, இன்னும் ஒரு மணித்தியாலத்தில் போகாவிட்டால் குழாய் போடவேண்டிவரும் என்றார். குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இன்னும் அடைத்துக்கொண்டது. மச்சான் எழும்பிப்போய், மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியின் பைப்பை மெல்லத் திறந்துவிட்டார். சளசளவென்று தண்ணீர் ஓடியது. இரண்டு நிமிடத்தில் எனக்கு வழி திறந்தது. திறந்தது எனக்கு மட்டுமல்ல. எங்கள் வரிசையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் போத்தல் கேட்டுக் கத்தினார்கள். போத்தல்களைச் சுமக்கவேண்டிய அட்டென்டன் மச்சானைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பின்னேரம் தேத்தண்ணி ஒரு மிடறு குடித்தேன். அப்படியே சத்தி எடுத்தேன். சட்டை, சாரம், விரிப்பு எல்லாம் நாசம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

"மச்சான், நீர் வேண்டாம். அட்டென்டனைக் கூப்பிடும்."

"அட்டென்டன் ரெண்டு பேர். நோயாளி நாப்பது பேர். பேசாமல் படும்."

அவர் சட்டைக் கையை மடித்தார். சுடுதண்ணிப் போத்தலிலிருந்து, கட்டிலடியில் இருந்த பேசினுக்குள் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையால் சூடு பார்த்தார். முகம், கழுத்து, நெஞ்சு துடைத்தார். தைத்த இடத்தில் படாமல் சாரத்தை உருவி மாற்றினார். வங்கியில் நோட்டுக்கட்டு எண்ணிய கை, அவசரமில்லாத கை. கடைசியாக என் கால்மாட்டுக்குப் போய் இரண்டு பாதங்களையும் கழுவினார், விரலிடுக்குவரை. எனக்கு அப்போதும் மரப்பு முழுதாகத் தெளியவில்லை. அவர் என் கால்களைக் கழுவுவதை நான் கண்ணால் பார்த்தேன், தோலால் உணரவில்லை. வேறு யாருடைய கால்களையோ யாரோ கழுவுவதுபோல் இருந்தது.

ஆண்டவர் தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றி ஒவ்வொரு பெரிய வியாழனும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் துவாயை இடுப்பில் கட்டிக் குனிந்திருக்கிற ஆளாகத்தான் என்னை நினைத்துப் பார்த்தேன். காலை நீட்டிக்கொண்டு இருக்கிற ஆளாக ஒருநாளும் நினைத்ததில்லை. அது எவ்வளவு கஷ்டமான இடம் என்று எனக்குத் தெரியாது. அழுதுவிட்டேன்.

"நோகுதோ?" என்றார் மச்சான்.

"இல்லை. நீர் ஏன் இதெல்லாம் செய்யவேணும்?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "என்ர தங்கச்சியின்ர மனிசன் நீர். வேற என்ன காரணம் வேணும்?" துவாயைப் பிழிந்து கட்டில் கம்பியில் போட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல், "சாந்தியின்ர ஞானஸ்நானம் நடந்த அண்டு நான் ஒரு கதிரை தூக்கினனான். நினைவிருக்கோ? நீர் என்ர கையில இருந்து வாங்கி வைச்சுப்போட்டீர். நான் என்னடாப்பா, சைவக்காரன் தொடக்கூடாதாக்கும் எண்டு நினைச்சன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இருபத்திரண்டு வருடம். நான் அவருக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்த ஒவ்வொரு தடவையும் அவர் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வாங்கியிருக்கிறார். "ஐயோ மச்சான், அது அதில்லை" என்றேன். "நான் ஒருத்தரையும் தொட விடுறதில்லை."

"அது அதைவிட மோசம்" என்றார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது. சாந்தி என்னைக் கோதுமைமாப் பை ஒன்றைக்கூடத் தொட விடவில்லை. தினமும் கஞ்சியும் கீரையும், மலச்சிக்கல் வந்தால் தையலுக்கு ஆகாதென்று பப்பாசிப்பழமும். இரண்டாம் ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன். கதிரைகளை எட்டுப்பேர் அடுக்கினார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். ரூபி அக்கா என்னைக் கண்டதும், "எத்தனை வருசமாப் போதகரைக் கேட்டுக்கொண்டிருந்தனாங்கள் தெரியுமே? நீங்கள் விடேல்லை அண்ணை" என்றார். வரிசை கோணல்தான். முன்வரிசை ஒன்று ஜன்னலைப் பார்த்து நின்றது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எட்டுப்பேரும் ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தபடி வேலை செய்தார்கள். நான் தனியாகச் செய்த இருபத்தைந்து வருடத்தில் அந்த மண்டபத்தில் விடிய அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பொறாமையும் வந்தது. அதையும் ஒளிக்கவில்லை.

ஆறாம் வாரம் புதன்கிழமை கிளினிக்குக்குப் போனேன், மச்சானோடு. டொக்டர் பார்த்தார், இருமச் சொன்னார், எல்லாம் சரி என்றார். திரும்பும்போது வார்டை எட்டிப் பார்த்தோம். குணபால அதே கட்டிலில் இருந்தார். இன்னொரு விரலும் போயிருந்தது. தாடி வளர்ந்து முகம் குழி விழுந்திருந்தது. அடுத்த நாள் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறானாம். அவருக்காக உடனே ஜெபிக்கத்தான் என் வாய் திறந்தது. அதை நிறுத்தி, என்னுடைய உடைந்த சிங்களத்தில், "என்ன செய்து தரட்டும்?" என்று கேட்டேன். அவர் கன்னத்தைத் தடவிக் காட்டினார். "மகன் இப்படிப் பார்த்தால் பயந்துவிடுவான்."

தாதியிடம் அனுமதி கேட்டோம். வாழைப்பழக்காரனை அவர் மறக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து வெறுங்கை என்று காட்டச் சொன்ன பிறகுதான் விட்டார். மச்சான் கீழே கடைக்குப் போய் ரேஸரும் நுரைக்கட்டியும் வாங்கி வந்து, பேசினில் தண்ணீர் பிடித்தார். நான் வாழ்க்கையில் இன்னொரு மனிதனின் முகத்தைச் சவரம் செய்தது அன்றைக்குத்தான். குணபால கண்ணை மூடிக்கொண்டு தாடையை உயர்த்திக் கொடுத்தார். முடித்துத் துடைத்துவிட, கையால் தடவிப் பார்த்து, "ஜெபம் செய்வீர்களே, அதையும் செய்யுங்கள்" என்றார். செய்தேன். மச்சானும் பேசினைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார்.

கண்ணைத் திறந்தால் எதிர்க்கட்டிலில் ஒருவர் விரலை உயர்த்திக்கொண்டிருந்தார். "அய்யே, எனக்கும்." சிங்களத்தில் அண்ணா என்று கூப்பிடுகிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். மச்சான் மறுபடி கீழே ஓடி, ஆளுக்கு ஒன்றாக ஒரு பக்கெற் ரேஸர் வாங்கி வந்தார். என்னால் தனியாக முடியவில்லை, நேரம் போய்க்கொண்டிருந்தது. "மச்சான், நீரும் ஒருத்தரைப் பாரும்" என்று ஒரு ரேஸரை நீட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்தார்.

அன்று ஆறு பேருக்குச் சவரம் செய்தோம். ஒருவருக்கு மட்டும் நாடியில் சின்ன வெட்டு. அவர் மச்சானிடம் மாட்டியவர். இரத்தத்தைக் கண்டு மச்சானின் முகம் வெளுத்துவிட்டது. அந்த மனிதர் பஞ்சை நாடியில் அழுத்திக்கொண்டு அவரைத் தேற்றினார்: "பரவாயில்லை மாத்தயா. அடுத்த புதன்கிழமை வரும்போது கொஞ்சம் மெதுவாகச் செய்யுங்கள்."